வெஸ்டர்ன் படங்களில் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் கதைகள் உண்டா?

குதிரையும் துப்பாக்கியும் தவிர, ஒரு பிள்ளை வளர்ந்து பொறுப்பேற்கும் கதை கௌபாய் படங்களில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பதின்வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டிலிருந்து வந்த கேள்வி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நிறையவே இருக்கிறது. பலரும் முதலில் சொல்வது 1953இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய 'ஷேன்'. வயோமிங்கில் குடியேறிய விவசாயியின் மகன் ஜோயி, ஷேன் என்ற துப்பாக்கி வீரனை அண்ணாந்து பார்க்கிறான். அழகான படம்தான், ஆனால் ஜோயி பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். 1948இல் வந்த 'ரெட் ரிவர்' படத்தில் வளர்ப்பு மகன், மூர்க்கம் தலைக்கேறிய தந்தையிடமிருந்து மாட்டு மந்தையைப் பறித்துக் கான்சாஸுக்கு ஓட்டிப் போகிறான். 1972இன் 'தி கவ்பாய்ஸ்' படத்தைச் சிபாரிசு செய்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பழிக்குப் பழி கொன்றதும் பள்ளிச் சிறுவர்கள் ஆண்பிள்ளைகளாகிவிட்டார்கள் என்கிறது அது. அதில் நடித்த ஜான் வெய்னின் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

என் பதில், கோயன் சகோதரர்கள் 2010இல் எடுத்த 'ட்ரூ கிரிட்'. தந்தையைக் கூலியாள் ஒருவன் சுட்டுக் கொன்றுவிட, 14 வயது மேட்டி ராஸ் அர்க்கன்சாஸின் ஃபோர்ட் ஸ்மித் நகருக்கு வருகிறாள். கொலைகாரனைத் தேடிப் போவதற்கு முன் அவள் செய்யும் காரியம்தான் எனக்கு முக்கியம். தந்தைக்கு மட்டக்குதிரைகளை விற்ற வியாபாரியிடம் போய், அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள், உன் லாயத்திலிருந்து திருடுபோன என் தந்தையின் குதிரைக்கும் பணம் கொடு என்கிறாள். அவர் குழந்தையை விரட்டுவதுபோல் பேசிப் பார்க்கிறார். அவளோ வக்கீல் பெயரைச் சொல்லி, ஒவ்வொரு தொகையாகப் பேசிப் பணத்தை வாங்கிவிடுகிறாள்.

எனக்கு அந்தக் காட்சி கதையே அல்ல. எங்கள் ஊர் நாமக்கல். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. நான் பிளஸ் ஒன் படிக்கும்போது வண்டி ஓட்டிப் போன இடத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். ஒரு புக்கிங் ஏஜென்ட்டிடம் பல லோடுகளின் வாடகை பாக்கி நின்றது. "போனது போகட்டும், பொம்பளைப் பிள்ளை போய் ஆபீஸ் வாசலில் நிற்கக் கூடாது" என்றார் பெரியப்பா. அம்மா எதுவும் சொல்லவில்லை. அப்பாவின் நோட்டை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

"வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா கண்ணு?" என்று கேட்டார் ஏஜென்ட். நான் நோட்டைத் திறந்து படித்தேன்: தேதி, சரக்கு, ஊர், வாங்கிய அட்வான்ஸ், மீதி. பாதியை இப்போது வாங்கிக்கொள், மற்றதை உன் பெரியப்பாவிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். பாக்கி எங்களுக்குத்தான் வர வேண்டும், பெரியப்பாவுக்கு அல்ல என்றேன். கணக்குப்பிள்ளை அவர்களுடைய பேரேட்டை எடுத்து வந்து பார்த்தார். எல்லாம் ஒத்துப்போயிற்று. இரண்டு தவணையில் முழுப்பணமும் வந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாராவது எழுதினால், ஆமாம், பெருமைக்காகவும்தான்.

ஆறாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் மூன்றாம் வகுப்புப் படித்த என் தம்பியின் தலையைத் தடவி, "இனி நீதான் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார்கள். அவனுக்கு அழுகைதான் வந்தது. இன்ஷூரன்ஸ் தாள்களைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னிடம் காபி கேட்டார்கள். ஆஸ்கர்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். ஏறக்குறைய எல்லாக் காட்சிகளிலும் வந்து படத்தையே சுமக்கும், மேட்டியாக நடித்த ஹெய்லி ஸ்டைன்ஃபெல்டைத் துணை நடிகைக்கான பிரிவில் பரிந்துரைத்தார்கள். கொலைகாரனைத் தேட அவள் கூலிக்கு அமர்த்தும் மார்ஷலாக நடித்த ஜெஃப் பிரிட்ஜஸுக்குக் கதாநாயகன் பிரிவு. படத்தைத் தயாரித்தவர்களே அந்தப் பிரிவைக் கேட்டிருப்பார்கள், அது வழக்கம்தான் என்று விளக்கம் சொல்ல வேண்டாம். வழக்கத்தைத்தான் குறை சொல்கிறேன்.

அந்த வயதில் பொறுப்பு சும்மா வருவதில்லை என்பதையும் இந்தப் படம் மறைக்கவில்லை. மேட்டி கொலைகாரனைச் சுட்டு வீழ்த்துகிறாள். சுட்ட துப்பாக்கியின் உதைப்பே அவளைப் பின்னால் இருந்த குழிக்குள் தள்ளுகிறது. அங்கே பாம்பு கடித்துக் கையை இழக்கிறாள். பல ஆண்டுகள் கழித்துத் திருமணமாகாத, கண்டிப்பான பெண்மணியாக வருகிறாள். அவளைப் பார்த்து யாரும் பரிதாபப்படும்படி அந்தக் காட்சியை எடுக்கவில்லை. என் தம்பிக்குக் கிடைத்த பள்ளிப்பருவம் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்காக என்மேல் பரிதாபப்படுபவர்களையும் எனக்குப் பிடிக்காது.

படத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. தொடக்கத்தில் மூன்று பேரைத் தூக்கிலிடுகிறார்கள். வெள்ளையர் இருவரும் கடைசி வார்த்தை பேசுகிறார்கள். செவ்விந்தியர் வாயைத் திறந்ததுமே அவர் தலையில் முகமூடியை இழுத்து மூடிவிடுகிறார்கள். அது அன்றைய நியாயத்தின் லட்சணத்தைக் காட்டத்தான் என்றாலும், அதற்குப் பிறகும் அவர்கள் பக்கத்துக் கதை வருவதில்லை. மலைக்குடிசையில் விரல்களை வெட்டும் காட்சியும் கொடூரமானது. 13 வயதுக்குக் கீழே இருந்தால் சற்றுப் பொறுங்கள்.

ஜான் வெய்னுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 1969ஆம் ஆண்டுப் படமும் இதே கதைதான். ஆனால் அதில் மேட்டியின் கை பிழைத்துவிடுகிறது. அதனால் 2010இல் வந்ததையே முதலில் காட்டுங்கள்.