வாசகர் கேள்வி: கொழுப்பும் இரத்த உறைவும்

கேள்வி: தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தந்தை 52 வயதில் மாரடைப்பால் இறந்தார். எனக்கு எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) அளவு சரியாக இருந்தும், கிளினிக் டாக்டர் லிப்போபுரோட்டீன்-ஏ பரிசோதனை செய்யச் சொல்கிறார். தேவையா?
– வாசகர் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: தேவைதான். இதய இரத்தக் குழாயின் சுவரில் எல்.டி.எல். சேர்ந்து உருவாகும் கொழுப்புத் திட்டு வெடிக்கும்போது அங்கே இரத்தம் உறைவதால்தான் பெரும்பாலான மாரடைப்புகள் நேர்கின்றன. 1963இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்த லிப்போபுரோட்டீன்-ஏ, எல்.டி.எல். போன்ற துகளோடு வேறொரு புரதம் பிணைந்தது; அப்புரதம், உறைந்த இரத்தத்தைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜனைப் பெரிதும் ஒத்திருப்பது 1987இல் தெரியவந்ததால், கரையும் வேலையை அது தடுக்கக்கூடும் என்று கருதப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் தெரிந்த இத்தடை உடலுக்குள் எந்த அளவுக்கு நிகழ்கிறது என்பது இன்னும் விவாதத்துக்குரியதே. ஆனால், இது மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதல் என்பதில் ஐயமில்லை. இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுக்களே தீர்மானிப்பதால், ரொட்டி சானாயைக் கைவிட்டாலும் (விடுவது நல்லதே) அது அதிகம் குறையாது. பலருக்கு ஒருமுறை பரிசோதித்தாலே போதும்.