முதல் கடிதத்தோடு புத்தகப் பெட்டி வேண்டாம்

கேள்வி: ரொறன்ரோவில் தரம் 5 படிப்பிக்கிறேன். வடக்கு ஒன்ராறியோவில் உள்ள ஒரு பூர்வகுடி வகுப்போடு என் பிள்ளைகளுக்கு நட்பு ஏற்படுத்த ஆசை. செப்டெம்பர் 30 அன்று ஒரு வீடியோ அழைப்பு, கூடவே நாங்கள் சேர்த்த புத்தகங்கள் என்று யோசித்திருக்கிறேன். சரியாக இருக்குமா?

பதில்: ஆசை நல்லது. ஆனால் அந்த இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

செப்டெம்பர் 30, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோகப்பட்ட 1,50,000க்கும் அதிகமான பிள்ளைகளை நினைக்கிற நாள். அவற்றில் கடைசியானவை மூடப்பட்டதே 1990களில்தான். அங்கே பல வீடுகளில் அது வரலாறு அல்ல, அம்மம்மாவின் கதை. முன்பின் தெரியாத முகங்கள் அன்றைக்குத் திரையில் வந்து அதைப் பற்றிக் கேட்பது முறையல்ல. அந்தப் பாடத்தை உங்கள் வகுப்புக்கு முன்கூட்டியே நீங்களே நடத்திவிடுங்கள்.

புத்தகப் பெட்டியோ, முதல் நாளே ஒரு பக்கத்தைக் கொடுப்பவராகவும் மறு பக்கத்தை வாங்குபவராகவும் ஆக்கிவிடும். வடக்கு ஒன்ராறியோவின் பூர்வகுடி ஊரான அட்டவாபிஸ்கட்டில் ஒழுங்கான பாடசாலை கேட்டுப் போராடிய மாணவி ஷானன் கூஸ்டாச்சின் 2010இல் இறந்தாள். பாடசாலை 2014இல்தான் திறந்தது. அவளுக்காகக் கனடா முழுவதும் மாணவர்கள் கடிதம் எழுதினார்கள், அரசாங்கத்துக்கு. அவள் கேட்டது தானமில்லை, மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதைத்தான்.

சரி, எப்படித் தொடங்குவது? முதலில் அந்த ஆசிரியரோடு நீங்கள் மட்டும் பேசுங்கள். "இது உங்கள் வகுப்புக்கு உதவுமா, எப்போது வசதி?" என்று கேளுங்கள். இப்போது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வடக்கில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவார்கள், அதனால் அதிபருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். ஜேம்ஸ் விரிகுடாப் பக்கத்தில், கிறீ என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களில் வசந்தகாலத்தில் வாத்து வேட்டைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். அப்போது பதில் வரவில்லையே என்று மனம் நோகாதீர்கள்.

அப்புறம் கடிதம். தாளில், கையெழுத்தில். "நீங்கள் கூடாரத்திலா இருக்கிறீர்கள்?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் எழுதும். சிவப்புப் பேனாவால் வெட்டாதீர்கள். "உங்கள் ஆட்கள் யானையிலா போவார்கள் என்று யாராவது கேட்டால் எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் மௌனம். பிறகு அதே பிள்ளை, "எங்கள் ஒன்பதாம் மாடியிலிருந்து ரயில் தெரியும். உங்கள் ஜன்னலில் என்ன தெரியும்?" என்று எழுதும். அது போதும்.

உங்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் பெயரைத் தமிழிலும் எழுதட்டும். கிறீ மொழிக்கும் தனி எழுத்து உண்டு. அதில் ஒரே கோண வடிவம், நுனி மேலே இருந்தால் 'பி', இடப்பக்கம் திரும்பினால் 'ப'. நாம் எழுத்தோடு குறி சேர்க்கிறோம், அவர்கள் எழுத்தையே திருப்புகிறார்கள்! ஆனால் இதை நீங்கள் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். அங்குள்ள பிள்ளைகள் சொல்லித் தரட்டும். யாருக்குத்தான் வாத்தியாராக இருக்கப் பிடிக்காது?

இரண்டு மூன்று கடிதங்கள் போய் வந்த பிறகு வீடியோவில் பேசலாம். முப்பது பேரும் கை காட்டுகிற கூட்டமாக வேண்டாம், நான்கு நான்கு பேராக. அந்தப் படங்களை அவர்கள் பாடசாலையின் சம்மதம் இல்லாமல் எங்கும் போடக்கூடாது. ஜூனில் வகுப்பு கலைவதற்கு முன் தரம் 6 ஆசிரியரிடம் முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.