ஒரு பரீட்சை போய் மூன்று பரீட்சை

கேள்வி: என் மகள் குடும்பம் டல்லாஸ் பக்கம் இருக்கிறது. பேரன் 2025 ஆகஸ்டில் மூன்றாம் வகுப்புக்குப் போனான். "ஸ்டார் பரீட்சையையே எடுத்துட்டாங்கம்மா, இனி நிம்மதி" என்று மகள் போனில் சொன்னாள். அடுத்த வாரமே அதே பரீட்சைக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கியிருக்கிறாள். எதை நம்புவது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டையும் நம்பலாம் அம்மா. ஸ்டார் என்பது டல்லாஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வைக்கும் பரீட்சை. அதை மாற்றச் சொல்லும் எச்.பி. 8 என்ற மசோதா அங்கே நிறைவேறி, 2025 செப்டம்பரில் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் புதிய முறை வருவது 2027-28 கல்வியாண்டில்தான். மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் பேரன் பழைய ஸ்டாரைத்தான் எழுதியாக வேண்டும். புத்தகம் வீண் போகாது.

'எடுத்துட்டாங்க' என்பதும் அரை உண்மைதான். வருஷக் கடைசியில் வரும் ஒரு பெரிய பரீட்சைக்குப் பதிலாக, பள்ளி திறந்ததும் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று மூன்று சின்னப் பரீட்சைகள் வரப்போகின்றன. ஒன்றை ஒழிக்கிறேன் என்று மூன்றாக்கிவிட்டார்களே என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் டெக்சாஸ் நினைத்தாலும் பரீட்சையே வேண்டாம் என்று விட முடியாது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாசிப்புக்கும் கணக்குக்கும் வருஷா வருஷம் மாநில அளவில் தேர்வு வைக்க வேண்டும் என்பது 2015-ல் வந்த அமெரிக்க மத்திய அரசின் சட்டம். பெயரை, வடிவத்தை, நீளத்தை மாற்றலாம், அவ்வளவுதான்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. இப்போது பிள்ளைகள் ஏப்ரலில் எழுதுகிறார்கள், மார்க் ஜூனில் வருகிறது. மே கடைசியிலேயே பள்ளி மூடிவிடும்! பின்னத்தில் தடுமாறுகிறான் என்று தெரியவரும்போது அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய டீச்சர் கையில் பையன் இல்லை. புதிய சட்டப்படி ரிசல்ட் இரண்டு வேலை நாளில் வந்தாக வேண்டும். அது சொன்னபடி நடந்தால், நடுவில் வைக்கும் பரீட்சைக்காவது ஒரு அர்த்தம் இருக்கும்.

கேள்வி: சரி, மார்க் குறைந்தால் அதே வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்களா? மகள் ஏன் இப்படிப் பதறுகிறாள்?

பதில்: ஸ்டாரில் தவறினால் ஐந்து, எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைக்கும் விதி முன்பு இருந்தது, 2021-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது கூடுதல் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள், அவ்வளவே. உயர்நிலைப் பள்ளிக்குப் போனபிறகுதான் பரீட்சையை, பள்ளிப் படிப்பை முடித்ததற்குத் தரும் பட்டயத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள்.

பிள்ளையைவிடப் பள்ளிக்குத்தான் இந்த மார்க் தலைவலி. அதை வைத்துத்தான் மாநிலம் பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுகிறது. ஹூஸ்டனின் பள்ளி நிர்வாகத்தையே 2023-ல் மாநிலம் தன் கைக்குள் கொண்டுவந்ததே, அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி தொடர்ந்து தரத்தில் தேறாமல் போனது. தலைமை ஆசிரியரின் பயம் டீச்சருக்கு இறங்கும், அங்கிருந்து அம்மாக்களுக்கு வரும். புதுச் சட்டம் இந்தத் தர வரிசையை ஒழிக்கவில்லை. அங்கே வீடு வாங்கப் போகிற நம்மவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் பள்ளியின் எழுத்தைத்தான் பார்க்கிறார்கள், உங்கள் மகளும் பார்த்துத்தான் வாங்கியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.