ஒரே ஒரு தோல்விக்கு, அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்எஃப்எல்-இன் ரசிகர்கள் ஏன் இவ்வளவு கொந்தளிக்கிறார்கள்?

முதற்காரணம், ஆட்டங்கள் குறைவு. 2021 முதல் வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்கு 17 ஆட்டங்கள்தான். பேஸ்பால் அணிக்கோ 162. ஞாயிற்றுக்கிழமை தோற்றால், ஆறுதல் தேட அடுத்த ஆட்டம் வருவதற்குப் பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். அதுவரை அலசல்தான். அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்கை மாற்று, பயிற்சியாளரை நீக்கு என்ற குரல்கள் திங்கட்கிழமை காலையிலேயே வானொலியில் கேட்கும். வென்றாலோ, கோப்பையே கைக்கு வந்துவிட்டது போன்ற பேச்சு!

1980-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற என்எஃப்எல் அணி 16 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. ரசிகர்கள் பலர் கண்ணுக்கு ஓட்டை போட்ட காகிதப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு அரங்கில் உட்கார்ந்தார்கள். அதை வெறும் கேலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகத்தை மறைத்துக்கொண்டாவது தங்கள் அணியைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள்.