எங்கள் போன் பேசுவது உண்மையான கோபுரத்தோடுதானா?

கேள்வி: மாங்குளம் சந்தியில் ரீலோட், மின்கட்டணம், சிம் விற்பனை என்று சிறு கடையொன்று நடத்துகிறேன். எங்கள் வயல் ஒட்டுசுட்டான் பக்கம், முத்துஐயன்கட்டுக் குளத்தின் கீழ் இருக்கிறது. அங்கே போனால் 4ஜி மறைந்து ‘ஈ’ என்ற எழுத்து வருகிறது. சில வேளை பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லாமல் கிடந்து, பிறகு தானாக வருகிறது. விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தால் உடனே வந்துவிடும். போன கிழமை வயலில் நிற்கும்போது வங்கியின் பெயரில் இணைப்பு ஒன்றுடன் குறுஞ்செய்தி வந்தது. வங்கி வழக்கமாக அனுப்பும் செய்திகளுக்குக் கீழேயே அதுவும் நின்றது. போலிக் கோபுரம் என்று ஒன்று இருப்பதாகக் கடைக்கு வரும் பிள்ளைகள் சொல்கிறார்கள். என் போன் உண்மையான நிறுவனத்தோடுதான் பேசுகிறது என்பதை யார் உறுதிசெய்கிறார்கள்? விமானப் பயன்முறையை அடிக்கடி போட்டால் சிம் பழுதாகுமா?
– வாசகி, மாங்குளம்

பதில்: 4ஜியில் அதை உறுதிசெய்வது உங்கள் போனும் அதற்குள் இருக்கும் சிம்மும்தான், 2ஜியில் அதை யாருமே உறுதிசெய்வதில்லை. நீங்கள் காணும் ‘ஈ’ 2ஜியைச் சேர்ந்த எழுத்து. ஆகவே அந்த எழுத்தைக் கவனித்தது நல்லது. ஆனால் அது போலிக் கோபுரத்துக்கு அத்தாட்சி அல்ல.

உங்கள் சிம்முக்குள் 128 பிட் நீளமான இரகசியத் திறவுகோல் ஒன்று இருக்கிறது. அதன் மறு பிரதி நிறுவனத்தின் மைய வலையமைப்பில் மட்டுமே உண்டு. வயலோரத்துக் கோபுரத்தில் இல்லை. போனை இயக்கியதும் அது கோபுரத்தின் ஊடாக மையத்துக்கு ‘நான் இன்னார், எனக்குத் தெரிந்த பூட்டு வகைகள் இவை’ என்று சொல்கிறது. மையம் ஓர் எழுந்தமான எண்ணையும், கூடவே ஒரு சான்றையும் அனுப்புகிறது. அந்தச் சான்றுக்குள் 48 பிட் வரிசை எண்ணும் 64 பிட் முத்திரையும் இருக்கின்றன. சிம் தன் திறவுகோலை வைத்து முத்திரையைக் கணித்துப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் அங்கேயே மறுத்துவிடும். பொருந்தினாலும் வரிசை எண்ணைப் பார்க்கிறது. உங்கள் கடைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் 340ஆம் சீட்டுக் கிழிபட்ட பிறகு யாராவது 212ஆம் சீட்டைப் புதிது என்று நீட்டினால் நீங்கள் வாங்குவீர்களா? அதுபோலத்தான், எப்போதோ காற்றில் பிடித்து வைத்த பழைய சான்றை ஒருவன் மீண்டும் அனுப்பினால் சிம் ஏற்றுக்கொள்ளாது. இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே சிம் தன் விடையைக் கொடுக்கிறது. அதன் பின் இரு பக்கமும் தனித்தனியே ஒரே புதிய திறவுகோலைக் கணித்துக்கொள்கின்றன. அக்கணிப்பில் இலங்கைக்குரிய 413 என்ற எண்ணும் நிறுவனத்துக்குரிய எண்ணும் சேர்க்கப்படுவதால், வேறொரு வலையமைப்பின் பெயரில் அத்திறவுகோல் செல்லாது.

பலர் விளக்கத்தை இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். என் கணிப்பில் இனி வரும் படிதான் இதில் நுட்பமானது. ஆளை அறிந்துகொண்டார்கள், ஆனால் எந்தப் பூட்டைப் போடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. போன் தனக்குத் தெரிந்த பூட்டு வகைகளை முதலில் சொன்னபோது அந்தச் செய்திக்குக் காவல் எதுவும் இல்லை. இடையில் நின்ற ஒருவன் நல்ல பூட்டுகளை அப்பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, ‘இந்தப் போனுக்கு ஒன்றும் தெரியாது’ என்று மையத்தை நம்பவைத்திருக்கலாம் அல்லவா? அதற்காகத்தான் மையம் ‘செக்யூரிட்டி மோட் கொமாண்ட்’ என்ற பாதுகாப்பு முறைக் கட்டளையை அனுப்புகிறது. வவுனியா மொத்தக் கடைக்குத் தொலைபேசியில் சாமான் சொல்லும்போது முதலாளி, ‘பருப்புப் பத்துக் கிலோ, சீனி ஒரு மூட்டை, சரிதானே?’ என்று திருப்பி வாசிப்பதைப் போல, போன் சொன்ன பட்டியலை மையம் அக்கட்டளைக்குள் அப்படியே திருப்பிச் சொல்கிறது. தான் தேர்ந்தெடுத்த பூட்டையும் சொல்கிறது. அந்தக் கட்டளை மறையாக்கம் (பிறர் வாசிக்க முடியாதபடி மாற்றி எழுதுவது) செய்யப்படாமல், ஆனால் புதிய திறவுகோலால் இடப்பட்ட 32 பிட் முத்திரையுடன் வருகிறது. இடையில் நிற்பவனால் வாசிக்க முடியும், திருத்த முடியாது. போன் முதலில் முத்திரையைச் சரிபார்க்கிறது, பிறகு தான் சொன்ன பட்டியலும் திரும்பி வந்த பட்டியலும் ஒன்றா என்று ஒப்பிடுகிறது. ஒரு வகை குறைந்திருந்தாலும் மறுப்பு அனுப்பிவிடுகிறது. எல்லாம் ஒத்திருந்தால் முத்திரையும் மறையாக்கமும் சேர்ந்த ‘சம்மதம்’ ஒன்றை அனுப்புகிறது. அந்த நொடியிலிருந்து இருவருக்கும் இடையிலான சமிக்ஞைச் செய்திகள் முத்திரையோடும் எண்ணிக்கையோடும் போய்வருகின்றன. பதில் வராவிட்டால் மையம் 6 செக்கனுக்கு ஒருமுறை நான்கு தடவை மீண்டும் அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிடும்.

இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. கட்டளை வருவதற்கு முன் நடக்கும் சில பேச்சுகளுக்கு முத்திரை இல்லை. ‘உன் சிம் எண் என்ன?’ என்று கேட்டால் 4ஜி போன் வெளிப்படையாகவே சொல்லிவிடும்; 5ஜியில்தான் அந்த எண்ணை மறையாக்கி அனுப்பும் ஏற்பாடு வந்தது. மேலும், 4ஜியில் முத்திரை கட்டாயம் என்றாலும் மறையாக்கம் கட்டாயமில்லை. மறையாக்கமே இல்லாத முறையைத் தேர்ந்தெடுக்க நிறுவனத்துக்கு இடமுண்டு.

1991இல் பின்லாந்தில் சேவைக்கு வந்த 2ஜியில் கதை வேறு. அங்கே கோபுரம் போனைச் சோதிக்கும். போன் கோபுரத்தைச் சோதிப்பதில்லை. ‘மறையாக்கம் வேண்டாம்’ என்று கோபுரம் சொன்னால் போன் கேட்டுக்கொள்ளும். தாய்லாந்து, வியட்நாம், பிரித்தானியா ஆகிய நாடுகளில் வாகனத்தில் கருவி வைத்துப் போலிக் குறுஞ்செய்தி பரப்பியவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள்; அத்தகைய கருவிகள் அருகிலுள்ள போன்களை 2ஜிக்கு இறக்கித்தான் செய்தியைத் திணிக்கின்றன.

ஆனால் உங்கள் வயலில் ‘ஈ’ வருவதற்கு அவ்வளவு பெரிய காரணம் தேவையில்லை. 4ஜி அலை மெலிந்தால் போன் 2ஜிக்கு இறங்குவது அதன் இயல்பு. அரைகுறை அலையில் பதிவு முயற்சி ஐந்து தடவை தோற்றாலும், போன் 4ஜியை விட்டுப் பழைய தலைமுறையைத் தேடும். அடுத்த முயற்சிக்கு முன் காத்திருக்கும் நேரம், நிறுவனம் வேறாகக் குறிக்காவிட்டால், 12 நிமிடம். நீங்கள் எழுதிய ‘பத்துப் பன்னிரண்டு நிமிட’த்தை வாசித்தபோதே எனக்கு இது நினைவுக்கு வந்தது. விமானப் பயன்முறையைப் போட்டு எடுக்கும்போது அந்தத் தோல்விக் கணக்கு அழிந்து புதிய பதிவு தொடங்குகிறது; அதனால்தான் உடனே வருகிறது.

குறுஞ்செய்தியைப் பொறுத்தவரை, அது வங்கியின் செய்திகளுக்குக் கீழே நின்றதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. போன் அனுப்புநரின் பெயரை மட்டும் பார்த்தே செய்திகளை அடுக்குகிறது. அந்தப் பெயரை இணையவழி மொத்தக் குறுஞ்செய்திச் சேவைகளின் ஊடாகவும் போலியாக இட முடியும். கோபுரம் எதுவும் வேண்டியதில்லை. நேர்த்தியான 4ஜி இருக்கும்போது வந்தாலும் இணைப்பை அழுத்தாதீர்கள். வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

செய்யக்கூடியது இரண்டு. உங்களுடையதோ உங்களிடம் வருபவர்களுடையதோ பழைய 2ஜி காலத்துச் சிம் என்றால், அதே இலக்கத்துக்குப் புதிய சிம் எடுக்க வேண்டும். பழைய சிம்முக்குக் கோபுரத்தைச் சரிபார்க்கும் ஆற்றலே இல்லை, அதைக் கொண்டு 4ஜிக்குள் போகவும் முடியாது. அடுத்தது, 2ஜியை நிறுத்துவது. அன்ட்ராய்ட் 12 முதல், மொடம் இடம் கொடுக்கும் போன்களில், சிம் அமைப்புகளுக்குள் 2ஜியை அனுமதிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. ஐபோனில் ஐஓஎஸ் 17 முதல் ‘லொக்டவுன் மோட்’ 2ஜியை நிறுத்துகிறது. கடையில் இருக்கும்போது, வங்கி வேலை நடக்கும் போனில், 2ஜியை நிறுத்தி வைப்பதையே நான் சொல்வேன். வயலில் சொல்ல மாட்டேன். இரவில் யானைக் காவலுக்குக் கொட்டிலில் இருப்பவருக்கு ‘ஈ’ மட்டுமே எட்டும் இடத்தில் 2ஜியை நிறுத்துவது, வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுக்கும் வழியையும் நிறுத்துவதாகிவிடும். அங்கே 2ஜி இருக்கட்டும். ஓடிபி என்ற ஒருமுறை இரகசிய எண் வரவேண்டிய காரியங்களை மட்டும் 4ஜி எட்டும் இடத்துக்கு வந்து செய்யுங்கள்.

சிம்மைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. விமானப் பயன்முறையைப் போட்டு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் முழுச் சோதனை நடப்பதுகூட இல்லை. பல வேளைகளில் முன்பு கணித்து வைத்த திறவுகோலையே போன் தொடர்ந்து பயன்படுத்தும். புதிய சோதனை நடந்தால் சிம்முக்குள் வரிசை எண் நகரும், பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இன்னொரு தாள் கிழிவதைப் போல. அதனால் சிம் பழுதாவதில்லை.