டூயல் கிளட்ச்சா, டார்க் கன்வர்ட்டரா? நெரிசலில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

கேள்வி: 15 வருடமாக மேனுவல் கியர்தான் ஓட்டுகிறேன். இப்போது வேகமான ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்று வாங்கப்போகிறேன். தினமும் ஒன்றரை மணி நேரம் நெரிசலில் போகிறது, மனைவியும் ஓட்டுவார், பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். அதனால் ஆட்டோமேட்டிக்தான். வார இறுதியில் மலைப்பாதை ஓட்டப் பிடிக்கும். பிஎம்டபிள்யூ எம்3 காம்பெடிஷன், ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ, ஆடி ஆர்எஸ்3 செடான், மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி63 எஸ் இ பெர்ஃபார்மன்ஸ், இந்த நான்கில் தடுமாறுகிறேன். நண்பர்கள் ‘எடுத்தால் டூயல் கிளட்ச் எடு, டார்க் கன்வர்ட்டர் எல்லாம் சொகுசு காருக்குத்தான்’ என்கிறார்கள். பத்து சிலிண்டர் (வி10) எஞ்சின் உள்ள பழைய பிஎம்டபிள்யூ எம்5 ஒன்றும் மலிவாக வருகிறது. எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. பழைய நாலு கியர், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் முதலில் கத்தும், கார் கொஞ்சம் யோசித்துவிட்டு அப்புறம் கிளம்பும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் நேரடிப் பிடிப்பு இல்லாமல், டார்க் கன்வர்ட்டர் என்ற பாகத்துக்குள் இருக்கும் ஆயில் வழியாகவே விசை போனதால் வந்த வினை அது. 2009-இல் உற்பத்திக்கு வந்த இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி அந்தக் கதையை மாற்றிவிட்டது. கார் உருள ஆரம்பித்ததும் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்கிறது, அதற்குப் பிறகு வழுக்கல் என்று பெரிதாக எதுவும் இல்லை. உங்கள் பட்டியலில் எம்3-இலும் ஜூலியாவிலும் இருப்பது இந்த எட்டு கியர் பெட்டிதான்.

நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள். முந்தைய தலைமுறை எஃப்80 எம்3-க்கு ஏழு கியர் டூயல் கிளட்ச் கொடுத்த பிஎம்டபிள்யூ, 2020-இல் அறிமுகமான ஜி80 எம்3-இல் ஏன் டார்க் கன்வர்ட்டருக்குப் போனது? அதற்கு முன்பே, 2017-இல் வந்த எஃப்90 எம்5-இலும் இதே மாற்றம்தான். கியர் மாறும் வேகத்தில் இருந்த இடைவெளி கிட்டத்தட்ட மூடிவிட்டது, டர்போ எஞ்சின்களின் பெரிய டார்க்கையும் (சுழற்றும் விசை) இது சுலபமாகத் தாங்குகிறது, மெதுவாகப் போகும்போது மரியாதையாகவும் நடந்துகொள்கிறது.

அதற்காக டூயல் கிளட்ச் மட்டம் என்று சொல்லவில்லை. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. நீங்கள் மூன்றில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே நான்கு தயாராகக் காத்திருக்கும், ஒரு கிளட்ச் விடும் நேரத்தில் மற்றது பிடித்துவிடும். முழு ஆக்சிலரேட்டரில் அந்தத் துல்லியமே தனி சுகம். ஆனால் கணக்கு தப்பினால், அதாவது நான்குக்குத் தயாராக இருக்கும்போது நீங்கள் திடீரென்று இரண்டு கேட்டால், ஒரு கணம் தயங்கும். அப்புறம் நெரிசல். பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறீர்கள், கிளட்ச் அரைகுறையாகப் பிடித்து உரசிக்கொண்டே காரை நகர்த்துகிறது, முன்னால் இருப்பவர் நிற்கிறார், நீங்களும் நிற்கிறீர்கள், திரும்ப உரசல். நல்ல பெட்டிகளில் ஆயில் அந்தச் சூட்டைச் சமாளித்துவிடும் என்றாலும், லேசாகத் தூக்கித் தூக்கிப் போடும் அந்த நடையை ஒன்றரை மணி நேரம் தினமும் சகிக்க முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். டார்க் கன்வர்ட்டருக்கு இந்த இடத்தில் ஒரு பாடும் இல்லை, ஆயில்தானே நழுவுகிறது.

பழைய எம்5 விஷயத்தை உடனே முடித்துவிடலாம்: வேண்டாம். 507 குதிரைத்திறன், 8,000 ஆர்பிஎம்மைத் தாண்டியும் கத்தும் வி10, கேட்கவே ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் உண்டு அந்த ஆசை. ஆனால் அதில் உள்ள எஸ்எம்ஜி பெட்டி உண்மையில் ஆட்டோமேட்டிக்கே இல்லை. ஒரே கிளட்ச் உள்ள மேனுவல் பெட்டியை ஹைட்ராலிக் பம்ப் வைத்து இயக்குகிறார்கள். பார்க் நிலைகூடக் கிடையாது, கியரில் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். சாதாரணமாக ஓட்டும்போது ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் எல்லோர் தலையும் முன்னே போய்ப் பின்னே வரும். அந்த பம்பும் செலவு வைக்கும், எஞ்சினின் கனெக்டிங் ராட் பேரிங் தேய்வதும் பெயர்போனது. இரண்டாவது காராக, கையில் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்துக்கொண்டு வாங்குகிறவர்களுக்கான வண்டி அது. மனைவியிடம் சாவியைக் கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்ல முடியாது.

சி63-ஐ காகிதத்தில் பார்த்தால் 680 குதிரைத்திறன். நாலு சிலிண்டர் 2 லிட்டர் டர்போ எஞ்சின், பின் அச்சில் மின் மோட்டார், நடுவில் ஏழெட்டு மோடுகள். இதன் ஒன்பது கியர் பெட்டி உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டு வகையிலும் சேராது: உள்ளே வழக்கமான ஆட்டோமேட்டிக், ஆனால் டார்க் கன்வர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிலில் நனைந்த கிளட்ச். 2008-இலேயே எஸ்எல்63-இல் ஏஎம்ஜி இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை நெரிசலில் மின் மோட்டாரிலேயே வழுவழுவென்று நகரும், அது பிளஸ். ஆனால் எடை 2,100 கிலோவுக்கு மேல். மலைப்பாதையில் இறங்கும்போது, மூன்றாவது நான்காவது கொண்டை ஊசி வளைவுக்கு பிரேக் பிடிக்கையில் அந்த எடை காலில் தெரியும். பின் அச்சுக்கு மேல் பேட்டரி உட்கார்ந்திருப்பதால் டிக்கியும் சின்னது. நான் இதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன்.

ஆர்எஸ்3? 2.5 லிட்டர், ஐந்து சிலிண்டர், அந்தச் சத்தத்துக்காகவே ஒருவர் வாங்கினால் நான் குறை சொல்லமாட்டேன். ஏழு கியர் டூயல் கிளட்ச், 400 குதிரைத்திறன், நாலு சக்கர டிரைவ், நான்கிலும் சின்ன கார். நீங்கள் தனி ஆளாக இருந்து நெரிசலும் இல்லையென்றால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

மிச்சம் இரண்டு. ஜூலியாவின் பேடில்கள் (விரலால் கியர் மாற்ற ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் தகடுகள்) ஸ்டீயரிங்கோடு சுற்றாமல் ஸ்டீயரிங் தண்டிலேயே பொருத்தப்பட்டவை, அலுமினியம், நல்ல நீளம். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முக்கால்வாசி சுற்றிவைத்திருக்கும்போதும் இடது பேடில் இடதிலேயே இருக்கும், கை தேடாது. சுண்டினால் உலோகம் தொட்ட உணர்வு விரலுக்கு வரும். மேனுவல் ஓட்டிப் பழகிய கைக்கு இந்த மாதிரிச் சின்ன விஷயம்தான் ஆறுதல். ஸ்டீயரிங்கும் சட்டென்று திரும்பும். ஆனால் 500-க்கு மேற்பட்ட குதிரைத்திறன் முழுவதும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது, மழையில் மனைவிக்கு அது பிடிக்குமா என்று அவரைக் கேளுங்கள்.

எம்3 காம்பெடிஷனை நாலு சக்கர டிரைவோடு வாங்கலாம். கியர் லீவரில் மூன்று கோடு போட்ட ஒரு பட்டன் இருக்கும். ஒன்றில் வைத்தால் கியர் மாறுவதே தெரியாது, மூன்றில் வைத்தால் முதுகில் ஒரு குத்து விழும். அலுவலகத்துக்கு ஒன்று, மலைக்கு மூன்று. பின்சீட்டில் வளர்ந்த பிள்ளைகளே தாராளமாக உட்காரலாம். என் ஓட்டு இதற்குத்தான். ஜூலியாவை ஓட்டிவிட்டு வந்தும் நீங்கள் எம்3 கேட்டால் அது மூளையின் முடிவு, ஜூலியா கேட்டால் மனசின் முடிவு, இரண்டிலும் கியர்பாக்ஸ் உங்களைக் கைவிடாது.

டெஸ்ட் டிரைவில் 0–100 பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். இந்த நான்கும் 4 விநாடிக்குள்ளேயோ அதை ஒட்டியோ போய்விடும். எஞ்சின் சூடாகாத வண்டியைக் கேளுங்கள், முதல் சில கியர் மாற்றங்களைக் கவனியுங்கள். நெரிசல் நேரத்தில் அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். மிதமான வேகத்தில், கடைசி கியரில் போகும்போது பாதி ஆக்சிலரேட்டர் கொடுங்கள்: இரண்டு கியர் இறங்கி அமைதியாக இழுக்கிறதா, இறங்கலாமா வேண்டாமா என்று தடுமாறுகிறதா? பிறகு மேனுவல் மோடில் ரெட்லைன் (எஞ்சின் சுற்றின் உச்ச வரம்பு) வரை விடுங்கள், அதுவாகவே கியரை ஏற்றிவிட்டால் அது உங்கள் பேச்சைக் கேட்கும் மேனுவல் மோடு இல்லை.

செகண்ட் ஹேண்டில் எடுப்பதாக இருந்தால் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய ரசீது கேளுங்கள். ‘ஆயுள் முழுக்க ஒரே ஆயில் போதும்’ என்று விற்பவர் சொல்வார். பெட்டியைச் செய்கிற இசட்எஃப்போ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், இல்லையென்றால் எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.