‘சமாளிக்கிறோம்’ என்று எழுதாதீர்கள்

வணக்கம்.

எனக்கு 59 வயது. லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டில் அம்மாவும் இருக்கிறார், வயது 82. 2003இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், இப்போது பிரித்தானியக் குடியுரிமை இருக்கிறது. இங்கே வேலை செய்ததில்லை. பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான உதவி) வருகிறது, வங்கியில் 19,250 பவுண் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேலாக மறதி. இரவில் இரண்டு மூன்று தரம் எழும்பி, குளியலறைக்கு வழி தெரியாமல் நடையில் நிற்பார். இருந்த கொஞ்ச ஆங்கிலமும் போய்விட்டது. நினைவாற்றல் சோதனைக்குக் கூட்டிப்போனபோது நான்தான் மொழிபெயர்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வேறு சில நாட்களில் திடீரென்று ஆளே மாறிப்போகிறார்.

நான் கடையொன்றில் கிழமைக்கு 16 மணித்தியாலம் வேலை செய்கிறேன். இதுவரை எந்த உதவியும் கேட்கவில்லை, சமாளிக்கிறோம். அரசாங்கம் முதியோர் பராமரிப்பை முழுதாக மாற்றப்போகிறது என்கிறார்கள். அது வரும்வரை பொறுத்து விண்ணப்பிப்பது நல்லதா? இன்னொன்று, மே மாதம் கவுன்சில் தேர்தல். மறதி வந்தவர் வாக்குப் போடலாமா?

ஒரு வாசகி, ஹாரோ

அன்புள்ள வாசகிக்கு,

பொறுக்க வேண்டாம். வயதானவர்கள் பராமரிப்புக்காக வீட்டை விற்கும் நாட்டில் நம் பிள்ளைகள் வளரக்கூடாது என்று டோனி பிளேயர் கட்சி மாநாட்டில் பேசியது 1997இல். 2011இல் அரசாங்கம் நியமித்த அன்ட்ரூ டில்நொட் குழு, ஒருவர் வாழ்நாளில் பராமரிப்புக்குச் செலவிடுவதற்கு 35,000 பவுண் உச்சவரம்பு வைக்கச் சொன்னது. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்படி 72,000 பவுண் என்று வைத்தார்கள். 2016இல் தொடங்க வேண்டியது, தள்ளிப்போய்ப் பிறகு கைவிடப்பட்டது. 2019இல் பொரிஸ் ஜோன்சன் டவுனிங் தெருவில் நின்று இதை ஒரேயடியாகத் தீர்த்துவிடுவதாகச் சொன்னார். அவருடைய 86,000 பவுண் வரம்பு 2023 ஒக்டோபருக்கு அறிவிக்கப்பட்டு, 2025 ஒக்டோபருக்குத் தள்ளப்பட்டு, 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸின் ஒரு பேச்சோடு முடிந்தது. இப்போது முதியோர் பராமரிப்பை ஆராய லூயிஸ் கேசியின் ஆணைக்குழு. முதற்கட்ட அறிக்கை 2026இல், முழு அறிக்கை 2028க்குள். அறிக்கை வேறு, சட்டம் வேறு, சட்டம் நடைமுறைக்கு வருவது வேறு. 2028இல் உங்கள் அம்மாவுக்கு 84 வயது.

குளிர்காலக் கொடுப்பனவை 2024 ஜூலையில் வெட்டி, 2025 ஜூனில் பெரும்பாலானவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினொரு மாதத்தில் அது திரும்பியது. இங்கிலாந்தில் பராமரிப்புக்கான சேமிப்பு வரம்புகளோ, மேலே 23,250 பவுண், கீழே 14,250 பவுண், 2010இலிருந்து அசையவில்லை. வரம்பைக் கூட்டாமல் விட்டுவிட்டால் விலைவாசியே ஆட்களைக் கழித்துவிடும், அறிவிக்கவும் தேவையில்லை.

ஆகவே இன்று உள்ள சட்டத்தில் இன்றே கேளுங்கள். கீழே வரும் தொகைகள் 2025–26 நிதியாண்டுக்குரியவை, ஒவ்வொரு ஏப்ரலிலும் கொஞ்சம் ஏறும்.

முதலில் அம்மா பெயரில் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். வருமானமும் சேமிப்பும் பார்க்காத உதவி இது. கிழமைக்கு 73.90 பவுண், பகலிலும் இரவிலும் உதவி தேவைப்பட்டால் 110.40. இது வந்தால் பென்ஷன் கிரெடிட் குறையாது. உதவி தேவைப்பட்டு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு ஆகிவிட்டது. படிவத்தைத் தொலைபேசியில் கேட்டு எடுங்கள். அதில் திகதி குத்தி வரும். ஆறு கிழமைக்குள் நிரப்பி அனுப்பினால் நீங்கள் பேசிய நாளிலிருந்தே காசு கணக்கிடப்படும். இணையத்திலிருந்து அச்சிட்டு எடுத்தால், படிவம் அவர்கள் கைக்குப் போய்ச்சேரும் நாள்தான் கணக்கு. (பெற்றோரை அண்மையில் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவர்கள் இதைப் படித்தால்: பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டதால் மட்டும் இது மறுக்கப்படாது.)

எங்கள் ஆட்கள் தோற்பது இந்தப் படிவத்தில்தான். சமைத்துக் கொடுக்கிறேன், கடைக்குப் போகிறேன், வீடு கூட்டுகிறேன் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அவை கணக்கில் வருவதே இல்லை. உடம்போடு சேர்ந்த உதவியும் கண்காணிப்பும்தான் கணக்கு: கழுவிவிடுவது, உடுத்திவிடுவது, குளிசை எடுத்துக் கொடுத்து விழுங்கும்வரை நிற்பது, அடுப்படியில் தனியே விடாமல் பார்ப்பது, பிறர் சொல்வதை அவருக்கு விளங்கவைப்பது. இரவுக்கு அளவு கடுமை. இரண்டு தடவையாவது எழும்ப வேண்டும், அல்லது ஒரு தடவையில் இருபது நிமிடமளவு ஆக வேண்டும். “இரவில் சிலநேரம் எழும்புவார்” என்று எழுதினால் தொலைந்தது. ஏழு இரவுக்குக் கட்டிலருகே கொப்பி ஒன்று வைத்து, எழும்பிய நேரம், என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம் என்று எழுதி, அதன் பிரதியைப் படிவத்தோடு இணையுங்கள். நல்ல நாளை எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தில் ‘சமாளிக்கிறோம்’ என்றொரு சொல் இருக்கிறது. சபையில் அது மரியாதை. படிவத்தில் அதற்கு ‘உதவி தேவையில்லை’ என்றுதான் பொருள்.

அது கிடைத்த பிறகு உங்கள் பெயரில் கேரர்ஸ் அலவன்ஸ், கிழமைக்கு 83.30 பவுண். கிழமைக்கு 35 மணித்தியாலம் பராமரிக்க வேண்டும். ஒரே வீட்டில் இரவெல்லாம் எழும்பும் உங்களுக்கு அது தாண்டிப்போகும். அம்மாவின் தீர்மானம் வந்து மூன்று மாதத்துக்குள் கேட்டால், அவருக்குத் தொடங்கிய நாளிலிருந்தே உங்களுக்கும் தருவார்கள். இது கிடைத்தால் தாயின் பென்ஷன் கிரெடிட் வெட்டுப்படும் என்று யாராவது பயமுறுத்தலாம். தனியே வாழ்பவர்களுக்கு வரும் கடும் இயலாமை மேலதிகத் தொகைக்குத்தான் அந்த ஆபத்து. உங்களோடு ஒரே வீட்டில் இருப்பதால் அம்மாவுக்கு அது பொதுவாகக் கிடைக்காது, ஆகவே வெட்டவும் ஒன்றுமில்லை.

பொறி வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் உழைப்பு, கழிவுகள் போக, கிழமைக்கு 196 பவுணைத் தாண்டக்கூடாது. மணித்தியாலத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 12.21 பவுண் என்றால் 16 மணித்தியாலத்துக்கு 195.36. எல்லைக்கு 64 பென்ஸ்தான் மிச்சம்! ஒரு பவுண் கூடினால் ஒரு பவுண் குறைப்பதில்லை, அந்தக் கிழமையின் 83.30 முழுவதும் போகும். நத்தாருக்கு இரண்டு மணித்தியாலம் கூட நின்றதை வேலை, ஓய்வூதியத் திணைக்களம் வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டு, பிறகு ஆயிரக்கணக்கில் திருப்பிக் கேட்டதால் பல குடும்பங்கள் நொந்தன. லிஸ் சேய்ஸ் தலைமையிலான சுயாதீன மீளாய்வு 2025இல் திணைக்களத்தின் மேலேயே குற்றம் கண்டது. நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் வையுங்கள், கூடிய கிழமையை உடனே அறிவியுங்கள், வேலையிட ஓய்வூதியத்துக்குப் போகும் உங்கள் பங்கில் பாதியைக் கழிக்கச் சொல்லுங்கள். உங்கள் வயதுக்காரருக்கு அரச ஓய்வூதியம் 67இல்தான். முழுத் தொகைக்கு 35 வருடத் தேசியக் காப்புறுதிக் கணக்கு வேண்டும். கேரர்ஸ் அலவன்ஸ் கிடைக்கும் கிழமைகள் அந்தக் கணக்கில் சேரும். அது கிடைக்காதவர்கள் கிழமைக்கு 20 மணித்தியாலம் பராமரித்தாலே கேரர்ஸ் கிரெடிட் கேட்கலாம். அதைக் கேட்பவர்கள் குறைவு.

கவுன்சிலிடம் என்ன உதவி தேவை என்று பார்க்கும் மதிப்பீடு இரண்டு கேளுங்கள், அம்மாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. இரண்டும் சட்ட உரிமை. வீட்டுக்கு ஆள் வந்து உதவுவதென்றால் 14,250க்கு மேலுள்ள ஒவ்வொரு 250 பவுணுக்கும் கிழமைக்கு ஒரு பவுண் வருமானம் என்று எடுப்பார்கள். அம்மாவின் 19,250க்கு அது 20 பவுண். அட்டெண்டன்ஸ் அலவன்ஸையும் வருமானத்தில் சேர்க்கக்கூடும். அதனால் சலத்துக்குப் போடும் பாட், கூடுதலாகத் துவைப்பது, சூடாக்குவது எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வைத்து, இயலாமைச் செலவாகக் கழிக்கச் சொல்லுங்கள். தமிழ் கதைக்கும் ஆள் வேண்டுமென்றால் ‘டிரெக்ட் பேமென்ட்’, அதாவது கவுன்சிலின் உதவியைக் காசாக, எடுத்து நீங்களே அமர்த்தலாம். ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினரை மட்டும், கவுன்சில் விசேடமாக ஒத்துக்கொண்டால் ஒழிய, அமர்த்த முடியாது. நீங்கள் முதலாளி ஆகிவிடுவீர்கள், காப்புறுதியும் சம்பளக் கணக்கும் உங்கள் தலையில். 2025 ஜூலை 22இலிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர் எடுக்கும் விசா மூடப்பட்டுவிட்டது. ஆள் தேடத் தாமதிக்காதீர்கள்.

சோதனைக்கு வருவோம். பிள்ளை மொழிபெயர்க்கக்கூடாது. உங்களை அறியாமலே கேள்வியைச் சுருக்குவீர்கள், விடையைத் திருத்துவீர்கள். மறதி நோயில் பிந்திக் கற்ற மொழி முதலில் உதிர்வது வழக்கம், ஆகவே தமிழில்தான் சோதிக்க வேண்டும். ஜி.பி.யிடம் மறுபடி அனுப்பச் சொல்லி, தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே போடச் சொல்லுங்கள். 1972இல் உருவாகி இன்னும் புழங்கும் பத்துக் கேள்விச் சோதனையில் முதலாம் உலகப்போர் எந்த ஆண்டு, இப்போதைய மன்னர் யார் என்றெல்லாம் வரும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு அந்தப் போரின் ஆண்டு தெரியாதது மறதியும் அல்ல. பிரதமரின் பெயரைக் கேட்கும் வழக்கமும் உண்டு. 2022இல் மூன்று பிரதமர்களைக் கண்ட நாட்டில் அது கொஞ்சம் துணிச்சலான கேள்விதான்.

திடீரென்று ஆள் மாறிப்போவதை மறதியோடு சேர்க்காதீர்கள். மறதி மாதக்கணக்கில் இறங்கும். ஓரிரு நாளில் குழம்பினால், அல்லது பகலிலும் தூங்கி வழிந்தால், அது டெலிரியம் என்ற திடீர் மனக்குழப்பமாக இருக்கலாம். தொற்று, நீர் குறைவு, மலச்சிக்கல், மருந்து என்று காரணம் இருக்கும். அன்றே ஜி.பி.யோ 111 மருத்துவத் தொலைபேசிச் சேவையோ வேண்டும். “வழக்கமாக இப்படி இல்லை, நேற்றிலிருந்து” என்ற சொற்களோடு பேச்சைத் தொடங்குங்கள். வீட்டு அலுமாரியையும் பாருங்கள். கடியென்றும் தடிமனென்றும் கொடுக்கும் பிரிட்டன் (Piriton) குளிசை, சலத்துக்குத் தரும் ஒக்ஸிபியூட்டினின், நித்திரைக்கும் நோவுக்கும் தரும் அமிட்ரிப்டிலின் மூன்றும் முதியவர் மூளையை மங்கவைப்பவை. டொக்டர் தந்ததை நீங்களாக நிறுத்தாமல் மருந்து மீளாய்வு கேளுங்கள். நீரிழிவுக்குக் கிளிக்கிளசைட் எடுப்பவர் விரதம் பிடித்தால் சர்க்கரை 4க்குக் (mmol/L) கீழே போகலாம், அதுவும் குழப்பமாகத்தான் தெரியும். இரவில் நடையில் நிற்பவருக்கு விழும் ஆபத்தும் உண்டு. ஐந்து நிமிடம் படுத்தபின் இரத்த அழுத்தம் பாருங்கள், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் அதை எழுதிக்கொண்டு போங்கள்.

அம்மாவுக்கு இன்னும் விளங்கும்போதே, அவருக்காக முடிவெடுக்கும் அதிகாரம் தரும் பவர் ஒஃப் அட்டர்னி இரண்டையும் பதியுங்கள், சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 92 பவுண். வருடத்துக்கு 12,000க்குக் குறைந்த வருமானமென்றால் பாதி. பென்ஷன் கிரெடிட்டில் உத்தரவாதப் பகுதி கிடைப்பவருக்கு இலவசம். பதிவு மாதக்கணக்கில் எடுக்கும், கையெழுத்து ஒழுங்கு பிழைத்தால் திரும்பி வரும். முதலில் அம்மா, பிறகு அவர் விளங்கித்தான் செய்கிறார் என்று சான்று சொல்பவர், கடைசியில் நீங்கள். உடல்நலப் படிவத்தின் ஐந்தாம் பகுதியில், உயிர்காக்கும் சிகிச்சை பற்றி, அம்மா தனியாக இன்னொரு கையெழுத்து வைக்க வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். சான்று சொல்பவர் குடும்பத்தவராக இருக்கக்கூடாது. தமிழ் தெரிந்தவராக, இரண்டு வருடமாவது பழகியவராக இருந்தால் நல்லது.

வாக்கு? போடலாம். மறதி நோய் வாக்குரிமையைப் பறிக்காது. ஆனால் அந்தப் பவர் ஒஃப் அட்டர்னியைக் காட்டி நீங்கள் அவருக்காகப் போட முடியாது. யாருக்குப் போடுவது என்பது அம்மாவின் முடிவாகவே இருக்க வேண்டும். சாவடிக்கு நடப்பது கஷ்டமென்றால் தபால் வாக்குக் கேளுங்கள், அதற்குப் படமுள்ள அடையாள அட்டை காட்டத் தேவையில்லை. நேரே போவதென்றால் ஃப்ரீடம் பாஸ் போதும். வீட்டுக்கு ஆள் அனுப்புவதும் உங்களுக்கு ஓய்வு தருவதும் வெஸ்ட்மின்ஸ்டர் அல்ல, ஹாரோ கவுன்சில்தான். வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் கேரர் மதிப்பீட்டுக்கு எத்தனை கிழமை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள், எண் தெரிந்தவர் யார் என்று பாருங்கள்.